பிராந்திப் பெட்டியும் எண்ணெய் பிரேக்கும்

என் தாய்மாமாவுக்கு இந்த உலகத்தில் இருக்கிற பொருள் எல்லாம் ஒரே பொருள்தான். அது துணி பேல். ஆலையில் இருந்தவரைக்கும் நெய்த துணியை அடுக்கி, அழுத்தி, பட்டை போட்டு இறுக்கி, பேல் பேலாக லாரியில் ஏற்றுகிற வேலை பார்த்தவர். ஆலை வேலை போனபிறகு ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். அதில் கல்யாணப் பாத்திரம் ஏற்றினாலும் சரி, வீடு மாறுகிறவர்களின் பீரோவை ஏற்றினாலும் சரி, போடுவது அதே பேல் கட்டுதான். கயிற்றை விரலால் சுண்டினால் கிண்ணென்று சத்தம் வர வேண்டும். "இறுக்கிக் கட்டுனா எமலோகத்துக்கே கொண்டுபோயிட்டுத் திரும்பி வரலாம்டி" என்பார். அப்படிப்பட்ட மனுஷருடைய வண்டியில்தான் என் சைக்கிள் ஏலகிரி மலைக்குப் போக வேண்டியிருந்தது. வேறு நாதியில்லை.

அது சாதாரண சைக்கிள் இல்லை. கியர் வைத்த, முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த, மலையில் ஓட்டுகிற சைக்கிள். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருடைய மகன் பாரிசிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த சைக்கிள் அது. திரும்பப் போகும்போது எடுத்துப்போக அலுத்துக்கொண்டு, "நீதான் ஓட்டுறியே, வெச்சிக்க" என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவேயில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். "பைத்தியம் புடிச்சிடுச்சு இதுக்கு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, காலையில் உப்பளம் ஸ்டேடியத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, நான்கு வருஷம் ஓட்டினேன். பாண்டிச்சேரியில் ஏது மலை? பாலத்து ஏற்றம்தான் எனக்கு மலை. அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பாலத்தடியில் கடை போட்டிருந்த மீன்காரம்மாவுக்கே தலை சுற்றியிருக்கும். அப்படி ஓட்டித்தான் கடைசியில் ஏலகிரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவு. அதில் முதல் ஐந்து பேருக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். வராவிட்டால் கதை முடிந்தது. ஏனென்றால் அந்த வருஷத்தோடு எனக்கு அந்த வயது முடிகிறது. அதற்கு மேல் பெரியவர்கள் பிரிவு. அங்கே ரயில்வேக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரி அங்கே போய் என்ன செய்வாள்?

இதை மாமாவிடமும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, வாய் வலிக்கச் சொன்னேன். "இந்த வருஷத்தோட எனக்கு வயசு முடியுது மாமா." அதற்கு அவர் சிரித்தார். "யாருக்குதான்டி வயசு முடியல? எனக்கு எப்பவோ முடிஞ்சிபோச்சி." அவ்வளவுதான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

என்னோடு போட்டிக்கு வந்தவள் இன்னொரு பெண், உப்பளத்துக்காரி. என்னைவிட நான்கு வயது சின்னவள். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார். இரண்டு சைக்கிளையும் எங்களையும் மாமா கொண்டுவந்து சேர்ப்பதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் போட்டி. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் சைக்கிளைக் காட்டிப் பரிசோதனை முடித்து, நம்பர் துணி வாங்கிவிட வேண்டும்.

எப்படி ஏற்றுவது என்று நான் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளை மேலிருந்து கயிறு போட்டு அழுத்தி இறுக்கக் கூடாது. வண்டி குதிக்கும்போது அது உள்ளே அமுங்கும். அமுங்கியதும் கயிறு தொளதொளத்துவிடும். பிறகு சைக்கிள் தன் இஷ்டத்துக்கு ஆடும். அதற்காக ஆசாரியிடம் சொல்லி ஒரு தேக்குப் பலகையில் இரண்டு குதிரை மாதிரி கட்டை வைத்து வாங்கினேன். சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரம் உட்காருகிற கவையை அந்தக் கட்டைமேல் வைத்து, குறுக்கே கம்பி போட்டு முறுக்கிவிட்டால் போதும். பலகையை வண்டியின் அடித்தகட்டோடு கட்டிவிட்டால் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும். பின்சக்கரத்துக்கு மட்டும் ஒரு லேசான கட்டு.

இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. என் சைக்கிளுக்கு எண்ணெய் பிரேக். சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு இரும்புத் தட்டை, இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கட்டைகள் வந்து கவ்வும். சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக்கைப் பிடித்தால், கவ்வுவதற்கு நடுவில் ஒன்றுமில்லாமல், இரண்டு கட்டையும் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரத்தை மாட்ட முடியாது. அதனால் நடுவில் ஒரு அட்டைத் துண்டை மடித்துச் செருகி வைத்தேன். உப்பளத்துக்காரியின் சைக்கிளில் சாதாரணக் கம்பி பிரேக்தான், அவளுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

கிளம்புகிற அன்று காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பலகையை வைத்தேன். சைக்கிள்களை மாட்டினேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடி இது, கண்ணுக்குட்டிய செக்குல பூட்டுன மாதிரி? கயிறு?"

"கயிறு வாணாம் மாமா. இதுவே நிக்கும்."

"நிக்கும், நிக்கும். ரோட்டுல உழுந்தப்புறம் அங்க நிக்கும்." சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் போனார். நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் வண்டியே தெரியவில்லை. சைக்கிள்களைச் சுற்றி அட்டைப்பெட்டி. இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் அட்டைப்பெட்டி. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் மூன்று, முழுப்பெட்டி, உள்ளே பழைய புடவையும் வைக்கோலும் திணித்து, வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தார். அதற்கு மேல் தார்ப்பாய். அதற்கு மேல் நைலான் கயிறு, கிண்ணென்று.

"இப்ப எவன் இடிச்சாலும் கீறல் உழாது" என்றார், பெருமை தாங்காமல்.

கயிற்றைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தினார். நேரமாகிறது என்று அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துக் கத்தினாள். கடைசியில் கயிற்றை மட்டும் கொஞ்சம் தளர்த்தவைத்தேன். பெட்டிகளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. வழியனுப்ப வந்த தெருக்காரர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்கள் கண்ணுக்கு அதில் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பாண்டிச்சேரியில் அட்டைப்பெட்டி என்றாலே பிராந்திப் பெட்டிதான். தெருவுக்குத் தெரு கடை; கேட்டால் சும்மாவே தூக்கிக் கொடுப்பார்கள். நல்ல கெட்டி அட்டை, உள்ளே பாட்டிலுக்குப் பாட்டில் தடுப்பு. வீடு மாறினால் பாத்திரம் அதில்தான் போகும். பிள்ளைகளின் பழைய புத்தகம் அதில்தான் இருக்கும். எங்கள் வீட்டுக் கொலு பொம்மைகள் வருஷம் முழுக்கப் பரண்மேல் விஸ்கிப் பெட்டிக்குள்தான் தூங்கும். சரஸ்வதியை விஸ்கிப் பெட்டியில் வைக்கிறோமே என்று யாரும் யோசித்ததில்லை. பெட்டிமேல் எழுதியிருப்பதை நாங்கள் படிப்பதேயில்லை. நான் பிரேக்குக்கு நடுவில் செருகிய துண்டுகூட அந்தத் தடுப்பில் கிழித்ததுதான்.

விழுப்புரம் ரோட்டில் போய், ஊர் எல்லை தாண்டியதும் சோதனைச்சாவடி. எங்கள் ஊரில் சாராயம் மலிவு என்பதால், எங்கள் ஊர் நம்பர் போட்ட வண்டி என்றால் அங்கே ஒரு பார்வை பார்ப்பார்கள். மாமா அதைப் பற்றிக் கவலையே படவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினார்.

ஒரு கான்ஸ்டபிள் வந்தார். "உள்ள என்னாய்யா?"

"சைக்கிளுங்க. ரெண்டு சைக்கிளு. புள்ளைங்க பந்தயத்துக்குப் போவுது."

கான்ஸ்டபிள் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கினார். டேப் போட்டு ஒட்டிய பெட்டி, அதில் பெரிய எழுத்தில் பிராந்தியின் பெயர். மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"சைக்கிளா?"

மாமா எட்டிப் பார்த்தார். அந்தப் பெட்டியில் எழுத்து இருப்பதையே அன்றைக்குத்தான் பார்ப்பவர் மாதிரி வாயைப் பிளந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி என்று என் வாயிலிருந்து வந்தது. மாமாவைச் சொன்னேனா என்னைச் சொன்னேனா, தெரியாது.

"வெறும் பெட்டிங்க" என்றார் மாமா.

"எல்லாரும் அதத்தான்யா சொல்றான். பொட்டிய எறக்கு. எல்லாத்தையும் எறக்கு."

"சார், உள்ள புடவைதான் இருக்கு சார், வேணும்னா ஒண்ணத் தொறந்து பாருங்க" என்று நான் இறங்கி ஓடினேன்.

"பாக்கத்தாம்மா போறேன். ஒண்ணு இல்ல, எல்லாத்தையும்."

அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. பிராந்திப் பெட்டியை அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, எல்லைக்குக் கொண்டுவந்து, சைக்கிள் என்று சொன்னால் எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? என் இடத்தில் அவரும் அவர் இடத்தில் நானும் இருந்திருந்தால் நான் மாமாவை உள்ளே தள்ளியிருப்பேன். ஆனால் இதெல்லாம் இன்றைக்கு உட்கார்ந்து எழுதும்போது வருகிற நியாயம். அன்றைக்கு எனக்கு உச்சந்தலையில் கொதித்தது.

ஒவ்வொரு பெட்டியாகக் கிழித்தார்கள். புடவை வந்தது, வைக்கோல் வந்தது, அம்மாவின் பழைய பாவாடை ஒன்று வந்து ரோட்டோரம் பறந்தது. உப்பளத்துக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு பாட்டிலும் வரவில்லை என்றதும் அவர்களுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. பெரிய அதிகாரி வரட்டும் என்று உட்காரவைத்தார்கள். அவர் வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வந்தவர், சைக்கிளையும் கழற்றி இறக்கிப் பார்க்கச் சொன்னார். குழாய்க்குள் ஊற்றி வைத்திருக்கலாமாம். பலகையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார்கள். "சார், அந்தக் கம்பிய முறுக்கி எடுக்கணும் சார்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆசாரி செய்த ஒரு கட்டை சடக்கென்று பிளந்துபோனது.

கான்ஸ்டபிள் என் சைக்கிளின் கவைக்குள் கையை விட்டார். "இங்க பாருங்க சார், இதுக்குள்ளயும் அட்டை." இழுத்துப்போட்டார்.

நம் ஆட்கள் சைக்கிளைக் கண்டால் இரண்டு காரியம் செய்யாமல் விடமாட்டார்கள். டயரை அமுக்கிப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். வாங்கப்போகிறவன்தான் செய்வான் என்றில்லை. வழியில் போகிறவனும் செய்வான். கை தானாகப் போகும். அந்தக் கையும் போயிற்று.

"சார்! பிரேக்கப் புடிக்காதீங்க!"

"ஏம்மா, புடிச்சா வெடிச்சிடுமா?" இன்னொரு தடவை பிடித்தார். நன்றாக, ஆசை தீரப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவரும் "இன்னாய்யா இது, பஞ்சு மாதிரி இருக்குது?" என்று கேட்டு ஒரு பிடி பிடித்தார். டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒரு பிடி. நான் அழுதேவிட்டேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெரிய அதிகாரிக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க. நல்லா ஓட்டும்மா" என்று வாழ்த்தி வேறு அனுப்பினார்.

அங்கேயே உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட இரண்டு பிரேக் கட்டையையும் மெல்லப் பிரித்துவிட எனக்கு ஆசைதான். தட்டையான ஏதாவது ஒன்றை நடுவில் விட்டு, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். ஆனால் பாதி நாள் போய்விட்டது. ஐந்து மணிக்குள் மலைக்குப் போய்ச் சேர வேண்டும். நான் கிழிந்த அட்டைக்குள் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமா இரண்டு சைக்கிளையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தார். பேல் கட்டு.

"மாமா, இப்படிக் கட்டாத! ஆடும்!"

"உன் பேச்சக் கேட்டுக் கட்டையில பூட்டுனதுதான் பொளந்துபோச்சே. ஏறு வண்டியில."

அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு, கெட்டதற்கும் என் பேரைச் சொன்னார். வண்டிக்குள் மூன்று பேர். நடுவில் உப்பளத்துக்காரி. அவளைத் தாண்டி நானும் மாமாவும் திருவண்ணாமலை வரைக்கும் சண்டை போட்டோம். பின்னால் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் சைக்கிள் அமுங்கும், கயிறு தொங்கும், அடுத்த பள்ளத்தில் இரண்டும் எகிறி ஒன்றோடொன்று மோதும். அந்தச் சத்தம் எனக்கு என் பல்லில் கேட்டது.

"நிறுத்து மாமா, திரும்பக் கட்டணும்."

"ஓரமா எடம் பாத்து நிறுத்தறேன்."

இடம் அகப்படவே இல்லை. செங்கம் தாண்டி நானே கதவைத் திறக்கப் போனபிறகுதான் நிறுத்தினார். இறங்கி, கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இளகித்தான்டி போயிருக்கு" என்றார், என்னவோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி. இன்னும் இறுக்கிக் கட்டினார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது?

மலை ஏறிப் போட்டி நடக்கிற இடத்துக்குப் போனபோது ஐந்து அடிக்க இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சார் வாசலிலேயே நின்று, "எங்கம்மா போயிட்டீங்க, பேரக் கூப்பிட்டுட்டாங்க" என்று பதறினார். நான் முதலில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் கொஞ்சம் நேரம் தருவார்கள். ஓடுவதற்கு முன்னால் மாமாவிடம் திரும்பி, விரலை நீட்டிச் சொன்னேன்: "சைக்கிள எறக்கி வை. பிரேக் பக்கம் மட்டும் கைய வெக்காத. வந்து நான் பாத்துக்குறேன். காதுல உழுதா?"

"உழுது, உழுது. போ."

கையெழுத்துப் போட்டேன். நம்பர் துணியைக் கையில் கொடுத்தார்கள். அதில் இருந்த எண்ணை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் கண்ணில் நீர் வரும். அரை மணி நேரம் தருகிறோம், சைக்கிளைக் கொண்டுவா என்றார்கள். அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மாமா சிரித்த முகமாக நின்றிருந்தார். கையில் வண்டியின் பெரிய ஸ்க்ரூடிரைவர்.

"ஒட்டிக்கினு இருந்துச்சே, அதப் பிரிச்சி உட்டுட்டேன். கொஞ்சம் மொரண்டு புடிச்சுது. நெம்புனேன், வந்துடுச்சி. உனக்கு வேலை மிச்சம்."

குனிந்து பார்த்தேன். இரண்டு கட்டையும் பிரிந்துதான் இருந்தன. ஒன்று உடைந்திருந்தது. அதன் பின்னாலிருந்து எண்ணெய் கசிந்து, கவை வழியாக இறங்கி, மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். கை கடைசிவரை போயிற்று. எதுவும் கவ்வவில்லை.

நான் என்ன பேசினேன் என்று எனக்கு முழுசாக நினைவில்லை. நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பது மட்டும் தெரியும். பெற்றவர்கள் முன்னால் பேசக்கூடாத பேச்சு. மாமா ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஒரு எடத்துலதானடி ஒழுகுது, துணியச் சுத்தினா நிக்காதா?" என்று ஒரு தடவை கேட்டார்.

பரிசோதகர் நல்ல மனுஷர். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்தார். முன்னால் பிரேக் இல்லாத சைக்கிளை மலை இறக்கத்தில் விடமுடியாது என்றார். அதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் விடமாட்டேன். வேறு சைக்கிள் கிடைத்தால் நாளை காலையில் கொண்டுவந்து காட்டு, பெயரை அடிக்காமல் வைக்கிறேன் என்றும் சொன்னார். சாரும் நானும் ஒவ்வொரு அணியாகப் போய்க் கேட்டோம். ஒருவரிடமும் உபரி இல்லை. இருந்த ஒருவர், நாளைக்கு எங்கள் ஆளுக்கே தேவைப்படலாம் என்று கையை விரித்தார். எண்ணெய் பிரேக்குக்கு உதிரிப்பாகம் அந்த மலையில் இல்லை. கீழே ஊரில் இல்லை. அந்தக் காலத்தில் சென்னையிலேயே இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

உப்பளத்துக்காரி தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அவள் ஒரு வார்த்தை, "நீ ஓட்டுக்கா" என்று சொல்லமாட்டாளா என்று நான் பார்த்தேன். சொன்னால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவளும் பாலத்தில் ஏறி இறங்கி வந்தவள்தான். அவள் செய்தது சரி. சரியாக இருந்தால் வயிறு எரியாதா? எரிந்தது.

காலையில் பெயர் கூப்பிட்டார்கள். என் பெயரையும் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை. பிறகு அடித்துவிட்டார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பாதையைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருந்தது. ஏற்றம் எனக்குத் தோதான ஏற்றம். கடைசியில் வந்தவர்கள் மூச்சு வாங்கித் தள்ளிக்கொண்டு வந்த இடத்தை நான் உட்கார்ந்தபடியே ஏறியிருப்பேன். ஐந்தாவதாக வந்த பெண் வாந்தி எடுத்தபடி வந்தாள். அந்த இடம் என்னுடையது என்று என் கால்களுக்குத் தெரிந்தது. உப்பளத்துக்காரி பதினோராவதாக வந்து, சைக்கிளைப் போட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

மத்தியானம் வண்டியில் ஏற்ற வேண்டும். நான் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தேன். கையைத் தூக்கக்கூட மனசில்லை. மாமா எங்கேயோ போய் ஒரு கட்டை வாங்கிக்கொண்டு வந்தார். பிளந்துபோன கட்டைக்குப் பதிலாக அதைப் பலகையில் வைத்து ஆணி அடித்தார். முன்சக்கரங்களைக் கழற்றி, கவையைக் கட்டைமேல் வைத்து, கம்பியை முறுக்கினார். "இப்படித்தான?" என்று கேட்டார். தலையாட்டினேன். தன் துண்டைக் கிழித்து, மடித்து, உடைந்த பிரேக்குக்கு நடுவில் செருகினார். "இது இங்கதான?" அதற்கும் தலையாட்டினேன். பின்சக்கரத்துக்கு ஒரு லேசான கட்டு. அந்தக் கயிற்றை அவர் சுண்டிப் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் ஒரு சத்தமில்லை. சண்டையும் இல்லை. வேகத்தடை வந்தால் மாமா வண்டியை நிறுத்தி, ஏற்றி, மெல்ல இறக்கினார். பின்னால் கண்ணாடியில் இரண்டு சைக்கிளும் அசையாமல் நின்றுகொண்டு வந்தன.

ரெட்டியார்பாளையத்துக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மாமா தானே இறக்கினார். என் சைக்கிளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகும்போது விழுந்த கீறல்களைத் தவிரப் புதிதாக ஒன்று இல்லை. பிரேக் உடைந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

"பாத்தியா, ஒரு ஆட்டம் இல்ல. இப்பத்தான்டி எனக்குப் புடிபட்டுச்சு" என்றார். "அடுத்த வருஷம் இதே மாதிரி பூட்டி, பூவாட்டம் கொண்டாந்து எறக்கறேன் பாரு. நீதான் மொதல்ல வர்ற."

மாமாவின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

"சரி மாமா" என்றேன்.